டெர்மினல்ல பாஸ்வேர்டே அடிக்காம மும்பை சர்வர்குள்ள போறது எப்படி?

லாஸ்பேட்டைல இருக்குற ஏதாவது ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ்ல காலைல போய் பாருங்க, சிஸ்டம் ஆன் பண்ணதும் டெர்மினல்ல, அதாவது கமாண்ட் அடிக்கிற விண்டோல, 'ஏடபிள்யூஎஸ் எஸ்எஸ்ஓ லாகின்'னு ஒரு வரி அடிப்பாங்க. ஏடபிள்யூஎஸ்னா அமேசான் வாடகைக்கு விடுற சர்வருங்க, அதாவது கிளவுட். உடனே பிரவுசர் தானா தொறக்கும், ஆபீஸ் ஐடி, பாஸ்வேர்டு, போன்ல வர்ற ஆறு நம்பர் எல்லாம் அங்க போடணும், கடைசில 'அலோ'னு ஒரு பட்டன், அவ்ளோதான், திரும்ப டெர்மினலுக்கு வந்தா ஏடபிள்யூஎஸோட மும்பை ரீஜியன்ல, அதாவது மும்பை பக்கம் இருக்குற டேட்டா சென்டருங்கள்ல, நம்ம மெஷினெல்லாம் நம்ம சொன்ன பேச்ச கேக்குது. டெர்மினலுக்கு நம்ம பாஸ்வேர்டு தெரியவே தெரியாது. அப்ப அது கைல என்னதான் இருக்கு?

முன்னாடி, ஏன் இப்பவும் நெறைய எடத்துல, கதை வேற. ஏகேஐஏனு ஆரம்பிக்கிற 20 எழுத்து ஐடி, கூட 40 எழுத்துல ஒரு சீக்ரெட், ரெண்டையும் ஹோம் ஃபோல்டர்ல ஒரு ஃபைல்ல போட்டு வச்சிருப்பாங்க. வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், யாரு தொறந்தாலும் படிக்கலாம். நாமளா போய் டெலீட் பண்ற வரைக்கும் அது செல்லும். கோடோட சேத்து தெரியாம கிட்ஹப்ல, அதான் கோடு ஏத்தி வைக்கிற வெப்சைட்ல, பப்ளிக்கா ஏத்திட்டா முடிஞ்சுது, இதையே தேடிக்கிட்டு சுத்துற ஸ்கிரிப்டுங்க அத புடிச்சு நம்ம அக்கவுண்ட்ல பெரிய பெரிய மெஷினா ஓடவிட்டு கிரிப்டோ மைனிங் பண்ணும், பில்லு மட்டும் நமக்கு வரும்.

புது முறைல பிரவுசர்ல நாம ஓகே குடுத்ததும் டெர்மினல்ல ஓடுற ஏடபிள்யூஎஸ் டூலுக்கு ஒரு டோக்கன், அதாவது ஒரு அனுமதி சீட்டு மாதிரி, வருது. அத காட்டி அது மூணு ஐட்டம் வாங்கிக்குது: ஏஎஸ்ஐஏனு ஆரம்பிக்கிற ஐடி, ஒரு சீக்ரெட், ஒரு நீளமான செஷன் டோக்கன். மூணுக்கும் சேத்து ஒரு எக்ஸ்பயரி டைம் உண்டு, அட்மின் செட் பண்றத பொறுத்து மணிக்கணக்குல இருக்கும், அதிகபட்சம் 12 மணி நேரம். சுண்ணாம்பாறு போட் ஹவுஸ்ல பாரடைஸ் பீச்சுக்கு டிக்கெட் குடுப்பாங்களே தவிர போட்ட ஓட்டிக்கோன்னு சாவிய குடுக்க மாட்டாங்கல்ல, அந்த மாதிரிதான். மத்தியானம் சாப்ட்டு வந்ததும் பக்கத்து சீட்டு தம்பி "அண்ணா, எக்ஸ்பயர்டு டோக்கன்னு வருதுணா"னு கூப்புடுறது இதனாலதான். எரிச்சலாதான் இருக்கும், ஆனா அந்த எரிச்சல்தான் பாதுகாப்பே.

இதுல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம், அந்த சீக்ரெட் நம்ம கைக்கு வந்ததுக்கு அப்புறம் எந்த ரிக்வெஸ்ட்டோடயும் போறதே இல்ல. ஒவ்வொரு கமாண்டுக்கும் டூல் என்ன பண்ணுதுன்னா, சீக்ரெட்டையும் இன்னிக்கு தேதியையும் ஹெச்மேக் ஷா 256ங்கிற, விடைய வச்சு சீக்ரெட்ட திரும்ப கண்டுபுடிக்க முடியாத ஒரு கணக்குல போட்டு அரைக்குது, வர்றத ரீஜியன் பேரோட மறுபடி அரைக்குது, அப்புறம் சர்வீஸ் பேரோட, இப்படி அரைச்சு அரைச்சு வர்ற கீயால நாம அனுப்பப் போற ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு கையெழுத்து போடுது. ஐடியும் கையெழுத்தும் செஷன் டோக்கனும்தான் போகுது. அந்தப் பக்கமும் அதே சீக்ரெட் இருக்கு, அதே கணக்க போட்டுப் பாத்து விடை ஒண்ணா வந்தா உள்ள விடும். நடுவுல எவனாவது ரிக்வெஸ்ட்ல ஒரு எழுத்த மாத்தினாலும் விடை மாறிடும்.

ரிக்வெஸ்ட்ல நேரமும் இருக்கும், அது பொதுவா 5 நிமிஷத்துக்கு மேல தள்ளிப் போயிருந்தா, ஃபைலெல்லாம் போட்டு வைக்கிற எஸ்3 சர்வீஸ்ல 15 நிமிஷம், ரிஜெக்ட் பண்ணிடும். ஒரே லேப்டாப்ல விண்டோஸும் லினக்ஸும் வச்சிருக்குறவங்களுக்கு இது நல்லா தெரியும். மதர்போர்டு கடிகாரத்துல விண்டோஸ் நம்ம ஊரு நேரத்த எழுதி வைக்கும், லினக்ஸ் அத யூடிசின்னு, அதாவது உலகப் பொது நேரம்னு, நெனச்சு படிக்கும், நேரம் சரியா அஞ்சரை மணி நேரம் முன்னாடி ஓடும். நெட்ல நேரம் சிங்க் ஆகுறதுக்குள்ள கமாண்ட் அடிச்சா கையெழுத்து செல்லாதுன்னு திட்டு விழும், கடலூர் மஞ்சக்குப்பத்துல வீட்ல உக்காந்து வேல பாக்குற பையன் பாஸ்வேர்டதான் தப்பா போட்டுட்டோமோன்னு அரை நாள் மண்டைய ஒடச்சிக்குவான்.

இது கிளவுட் அக்கவுண்ட் வரைக்கும். சர்வர்குள்ளயே போகணும்னா எஸ்எஸ்ஹெச், தூரத்துல இருக்குற மெஷினுக்குள்ள பாதுகாப்பா நுழையுற வழி, 1995ல ஃபின்லாந்துல டாட்டு இலோனன் எழுதினது, அவங்க யுனிவர்சிட்டி நெட்வொர்க்ல யாரோ பாஸ்வேர்ட ஒட்டுக்கேட்டதுக்கு அப்புறம். இங்க கணக்கு வேற, கீ ஒரு ஜோடியா இருக்கும், பிரைவேட் கீ நம்ம கிட்டயே, பப்ளிக் கீய யாருக்கு வேணா குடுக்கலாம். சர்வர் கிட்ட நம்ம சீக்ரெட் இருக்கவே இருக்காது, பப்ளிக் கீ மட்டும்தான். ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் புதுசா உருவாகுற ஒரு நம்பர்ல நாம பிரைவேட் கீயால கையெழுத்து போடுறோம், சர்வர் பப்ளிக் கீய வச்சு அத செக் பண்ணிக்குது.

தொல்லை என்னன்னா ஐம்பது சர்வர்ல ஐம்பது எடத்துலயும் பப்ளிக் கீய ஏத்தணும், ஆள் வேலைய விட்டுப் போனா ஐம்பதுலயும் தேடி எடுக்கணும், யாரும் எடுக்குறதில்ல. அதனால ஓபன் எஸ்எஸ்ஹெச்ல, அதான் பெரும்பாலும் எல்லாரும் வச்சிருக்குற எஸ்எஸ்ஹெச் சாஃப்ட்வேர்ல, 2010ல சர்டிஃபிகேட் வந்துச்சு, ஆபீஸோட ஒரே ஒரு மெயின் கீய மட்டும் சர்வருங்க நம்பும், அது உங்க கீ மேல 'இவர் இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்'னு சைன் பண்ணிக் குடுக்கும். ஏடபிள்யூஎஸ்ல இன்னொரு வழி, உங்க பப்ளிக் கீய 60 செகண்டுக்கு மட்டும் மெஷின்ல கெடைக்க வைக்கும், அதுக்குள்ள நுழைஞ்சுக்கணும்.

எல்லாம் சரி, ஓட்டையும் இருக்கு. எஸ்எஸ்ஹெச் சர்டிஃபிகேட்டோட டைம உள்ள நுழையும்போதுதான் பாக்கும், ஏற்கனவே உள்ள இருக்குற ஆள வெளிய தள்ளாது. அத விட மோசம், பிரவுசர்ல 'அலோ' குடுக்குற அந்த எடம். சில டூல் எட்டு எழுத்து கோடு ஒண்ண காட்டி, அத எந்த மெஷின்லயிருந்து வேணா அப்ரூவ் பண்ண விடும், பிரவுசரே இல்லாத சர்வர்லயிருந்து லாகின் பண்ண அது தேவைதான். ஆனா ஒரு திருடன் அவன் டெர்மினல்ல லாகின ஆரம்பிச்சு, லிங்க்க உங்களுக்கு மெயில்ல அனுப்பி, நீங்களும் ஏதோ ஆபீஸ் விஷயம்னு 'அலோ' அமுக்கிட்டா, டோக்கன் போய் சேர்றது அவன் மெஷினுக்கு. போன்ல வர்ற ஆறு நம்பரையும் நீங்களேதான் போட்டிருப்பீங்க, அதுவும் காப்பாத்தாது. இதுக்காகத்தான் ஏடபிள்யூஎஸ் டூலோட இப்ப வர்ற வெர்ஷன்ல பிரவுசர் பதில நேரா உங்க லேப்டாப்புக்கே திருப்பி அனுப்புற முறைய வழக்கமாக்கிட்டாங்க. பழைய வெர்ஷன் வச்சிருந்தா அப்டேட் பண்ணுங்க, நீங்களா கமாண்ட் அடிக்காம ஒரு 'அலோ' ஸ்கிரீன் வந்துச்சுன்னா பேசாம அந்த டேப மூடிடுங்க.