முகம் சிவத்தல்: எச்சரிக்கையா, விளம்பரமா?

தோல் அழற்சியை அடக்கத் தரும் ஸ்டீராய்டு களிம்புகளின் பக்கவிளைவு என்று தமிழில் யார் பட்டியல் போட்டாலும் அதில் 'முகம் சிவத்தல்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் இருக்கும், விழிப்புணர்வுத் துண்டறிக்கையில் இருக்கும், இயந்திர மொழிபெயர்ப்பைக் கேட்டால் அதுவும் இதையேதான் தரும். இலக்கணப்படி குற்றம் ஒன்றும் இல்லை, சிவத்தல் நல்ல தமிழ்ச்சொல், சரி. ஆனால் யாரிடம் இதைச் சொல்கிறோம் என்று யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் ஒரு ட்யூபை வாங்கி முகத்தில் தேய்த்துக்கொள்கிறவர்களில் பலர் தேய்ப்பதே சிவப்பாவதற்குத்தான். அவர்களிடம் போய் 'ஜாக்கிரதை, முகம் சிவக்கும்' என்றால் இன்னொரு ட்யூப் சேர்த்து வாங்குவார்கள்.

ஆளின் நிறத்தைப் பற்றிப் பேசும்போது தமிழில் சிவப்பு என்பது ரத்தச் சிவப்பு இல்லை. 'பையன் நல்ல சிவப்பு', 'அவங்க வீட்ல எல்லாரும் செக்கச்செவேல்னு இருப்பாங்க' என்றெல்லாம் சொல்லும்போது வெளிர்ந்த தோலைத்தான் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தில் சிவலை என்பார்கள், அதுவும் இதேதான். இந்த விஷயம் விளம்பரக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் அவர்கள் வெள்ளையழகு என்று எழுதாமல் 'சிவப்பழகு' என்று எழுதிக் களிம்பு விற்றார்கள். மருத்துவம் மொழிபெயர்க்கிறவர்களுக்குத்தான் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அகராதியைத் தாண்டி வர மனம் இல்லை. அகராதியில் சிவப்பு என்று போட்டிருக்கிறது, இவர்களும் சிவப்பு என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

'முகம் சிவத்தல்' என்பதில் வரும் சிவத்தலுக்கு ஆங்கில மருத்துவத்தில் உள்ள மூலச்சொல் எரித்திமா. கிரேக்கத்தில் எரித்ரோஸ் என்றால் சிவந்தது. முசிறித் துறைமுகத்தைப் பற்றிப் பேசும் பெரிப்ளஸ் என்ற பழைய கிரேக்கக் கடற்பயண நூலின் பெயரில் வரும் எரித்ரேயக் கடல், எரித்திரியா நாட்டின் பெயர், ரத்தச் சிவப்பணுவுக்கான எரித்ரோசைட் எல்லாம் இதே வேர்தான். கிரேக்கர்களும் வெட்கத்தில் முகம் சிவப்பதற்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஆனால் மருத்துவம் அதைப் பிடித்து ஒரு வரையறைக்குள் கட்டிவிட்டது: தோலடியில் உள்ள நுண்குழாய்கள் விரிந்து ரத்தம் கூடுவதால் வரும் சிவப்பு, விரலால் அழுத்தினால் வெளுக்கும், விரலை எடுத்தால் திரும்பி வரும். அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் ரத்தம் குழாயை விட்டு வெளியே கசிந்திருக்கிறது என்று பொருள், அது வேறு கதை. ஸ்டீராய்டுக்கும் வேர் கிரேக்கம்தான். ஸ்டீரியோஸ் என்றால் திடமானது, பித்தப்பைக் கல்லில் கண்டெடுத்த பொருளுக்கு வைத்த கொலஸ்ட்ரால் என்ற பெயரின் பின்பாதியை எடுத்து, 'அதைப் போன்றது' என்ற ஒட்டைச் சேர்த்து 1936-இல் உண்டாக்கிய சொல். வேர்ச்சொல் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

களிம்பு பூசிய முதல் நாட்களில் முகம் சிவப்பதே இல்லை, நேர் எதிராக வெளுக்கிறது. ஸ்டீராய்டு ரத்தக்குழாய்களைச் சுருக்கும். இப்படித் தோல் எவ்வளவு வெளுக்கிறது என்பதை வைத்தே எந்தக் களிம்பு எவ்வளவு வீரியமானது என்று அளக்கும் சோதனையை மெக்கன்ஸி, ஸ்டவுட்டன் என்ற ஆய்வாளர்கள் 1962-இல் கொண்டுவந்தார்கள். நிறமி செய்யும் செல்களும் கொஞ்சம் மந்தமாகும். ஆக முதல் சில வாரங்கள் ஆள் 'பளிச்'சென்று இருப்பார், பார்க்கிறவர்களும் என்ன போடுகிறாய் என்று கேட்பார்கள், ட்யூபின் பெயர் கைமாறும். அப்புறம்தான் மற்றதெல்லாம் வரும். தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தின் உற்பத்தி குறைந்து தோல் மெலிகிறது, மெலிந்த தோலுக்குக் கீழே சிவந்த நுண்குழாய்கள் கோடு கோடாகத் தெரிகின்றன, பொடிப்பொடியாகப் பரு கிளம்புகிறது, கன்னத்தில் பூனைமுடி வளர்கிறது, கொஞ்ச நேர வெயிலுக்கே எரிகிறது. பயந்து நிறுத்தினால் இத்தனை நாள் சுருக்கி வைத்திருந்த குழாய்கள் எல்லாம் ஒரேயடியாக விரிந்து முகம் இன்னும் மோசமாகிறது, மறுபடி பூசினால் அடங்குகிறது, அதனால் பூசியவர் 'இந்த க்ரீம்தான் எனக்கு ஒத்துக்கொள்கிறது' என்ற முடிவுக்கே வந்துவிடுகிறார். இது ஏன் முகத்தில் இவ்வளவு மோசம் என்றால் அங்கே தோல் மருந்தை உறிஞ்சும் விதமே வேறு. ஃபெல்ட்மனும் மைபாக்கும் 1967-இல் வெளியிட்ட அளவீட்டின்படி முன்கையில் உறிஞ்சப்படும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை 1 என்று வைத்தால் நெற்றியில் 6, தாடையோரத்தில் 13. இந்தியத் தோல் மருத்துவர்கள் பார்த்துப் பார்த்துச் சலித்து, களிம்பு ஸ்டீராய்டால் கெட்டுப்போன முகம் என்று இதற்குத் தனிப்பெயரே வைத்துவிட்டார்கள். 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் மத்திய அரசு கொண்டுவந்ததும் இதனால்தான். நடைமுறை எப்படி என்பது உங்கள் தெருமுனைக் கடைக்காரருக்குத் தெரியும்.

இத்தனையும் நடக்கும் ஒரு முகத்தை 'சிவந்தது' என்று எழுதினால் படிக்கிறவர் மனதில் என்ன வரும்? 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்கிறது தொல்காப்பியம், அதாவது இரண்டும் கோபத்தைக் குறிக்கும், அடுத்த நூற்பாவிலேயே நிறத்தையும் குறிக்கும் என்று சேர்த்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு நாணத்தைச் சேர்த்தோம், கடைசியில் அழகைச் சேர்த்தோம். கண் சிவந்திருந்தால் என்ன வியாதி என்று கேட்போம், முகம் சிவந்திருந்தால் கேட்க மாட்டோம். தனித்தமிழில் எழுதினால் தெளிவு தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசிக்கலாம்.

அவர்கள் யோசிக்காமலும் இல்லை, யோசித்து இதைவிடக் கெடுத்திருக்கிறார்கள். 'முகச் செம்மை' என்று ஒரு சொல்லை முன்வைக்கிறார்கள், சிவத்தல் கொச்சையாக இருக்கிறதாம். செம்மை என்றால் சிவப்பு என்பது புலவருக்குத் தெரியும், மற்ற அத்தனை பேருக்கும் செம்மை என்றால் சீர், நேர்த்தி, குறையின்மை. செம்மொழி என்றால் சிவந்த மொழியா? செம்மைப்படுத்தப்பட்ட பதிப்பு என்றால் பக்கங்களுக்குச் சிவப்பு மை பூசியிருக்கிறதா? 'நீண்ட நாள் பயன்படுத்தினால் முகச் செம்மை உண்டாகும்' என்று ஒரு துண்டறிக்கையில் அச்சிட்டுக் கொடுத்துப் பாருங்கள், அந்தக் களிம்புக்கு அதைவிட நல்ல நற்சான்று கிடைக்காது. சிவத்தலாவது பாதிப் பேரைத்தான் ஏமாற்றும், செம்மை எல்லோரையும் ஏமாற்றும். சொல்லின் குலம் கோத்திரம் சரியாக இருந்தால் போதும், கேட்கிறவன் காதில் எப்படி விழுகிறது என்பது எங்கள் வேலை இல்லை என்ற மனப்பான்மைதான் இதில் எனக்கு எரிச்சலைக் கிளப்புவது. கலைச்சொல் ஆக்குகிறவர்கள் தாங்கள் ஆக்கிய சொல்லை ஒரு மருந்துக்கடை வாசலில் நின்று நாலு பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் அச்சுக்கு அனுப்பலாம்.

'செந்தடிப்பு' என்று இன்னொன்று. இது காதுக்கு நோய்போலத்தான் கேட்கிறது, அந்த அளவில் நல்லது. ஆனால் தடிப்பு என்றால் மேலே எழும்பியிருக்க வேண்டும். கொசு கடித்தால் தடிக்கும், காணாக்கடி வந்தால் உடம்பெல்லாம் தடிக்கும், ஒவ்வாமையில் தடிக்கும். எரித்திமா தட்டையானது, கண்ணை மூடிக்கொண்டு தடவினால் கைக்குத் தெரியாது. அதிலும் ஸ்டீராய்டு முகத்தில் தோல் தடிப்பதற்குப் பதில் மெலிந்து கிடக்கிறது, அதற்குப் போய்த் தடிப்பு என்று பெயர் வைத்தால் நோயாளி தன் முகத்தைத் தடவிப் பார்த்து 'எனக்கு அது இல்லை' என்றுதான் நினைப்பார். பேசாமல் எரித்திமா என்றே எழுதிவிடலாம் என்பவர்களும் உண்டு. மருத்துவ மாணவருக்கான பாடநூலில் எழுதலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஸ்டீராய்டு என்ற சொல் மக்கள் வாய்க்கு வந்து பல காலம் ஆகிறது, எரித்திமா வரவே இல்லை, இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

என் ஓட்டு 'கன்றிச் சிவத்தல்' என்பதற்கு. யாரும் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை, இருக்கிற சொல்தான். அறை வாங்கிய கன்னம் கன்றிச் சிவந்தது என்கிறோம், வெயிலில் அலைந்து முகம் கன்றிப் போச்சு என்கிறோம். கன்றுதலில் சூடு இருக்கிறது, வலி இருக்கிறது, தோலுக்கு ஏதோ கெடுதல் நடந்திருக்கிறது என்ற குறிப்பு இருக்கிறது. யாரும் யாரையும் 'நல்லா கன்றிச் சிவந்த பொண்ணு' என்று பெண் பார்க்கப் போவதில்லை. மருத்துவர்கள் ஒரு மறுப்புச் சொல்லக்கூடும்: கன்றல் என்பதை அடிபட்டு ரத்தம் கசிந்த இடத்துக்குச் சிலர் எழுதுகிறார்கள், ஸ்டீராய்டால் மெலிந்த தோலில் அந்தக் கசிவும் வரும், இரண்டும் குழம்பாதா என்று. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கசிவுக்கு ஊரில் ரத்தக்கட்டு என்று ஒரு சொல் திடமாக இருக்கிறது, அதை அங்கே வைத்துவிட்டால் இது இங்கே நிம்மதியாக இருக்கும். வெட்கத்தில் வரும் சிவப்புக்குக் கன்றல் பொருந்தாதே என்றால், பொருந்த வேண்டாம், நாம் எழுதுவது மருந்தின் பக்கவிளைவை.

இதே ரகத்தில் இன்னொரு கொடுமை 'நிலா முகம்'. இது களிம்பால் வருவதைவிட மாத்திரையால் வருவது, ப்ரெட்னிசலோன் மாதிரியான ஸ்டீராய்டை அதிக அளவில் நீண்ட நாள் விழுங்கினால் கன்னத்தில் கொழுப்பு சேர்ந்து முகம் உருண்டையாகும், கூடவே சிவக்கவும் செய்யும். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மருத்துவர் 1912-இல் விவரித்த, உடலே இதுபோன்ற சுரப்பை அளவுக்கு மீறிச் சுரக்கும் நோயிலும் இதே முகம்தான். ஆங்கிலத்தில் அதை நிலாவோடு ஒப்பிட்டதில் பாராட்டு எதுவும் இல்லை, வட்டம் என்பது மட்டும்தான் அங்கே சேதி. தமிழில் நிலா முகம் என்றால் என்ன? மதிமுகம், சந்திரவதனம் என்று கவிஞர்கள் பாடித் தீர்த்துவிட்ட அழகு. 'இம்மருந்தால் நிலா முகம் தோன்றலாம்' என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் கூச்சமே இல்லாமல் எழுதுகிறார், அவர் மனைவி அதைப் படித்தால் என்ன சொல்வார் என்றுகூடத் தோன்றவில்லை. அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களைக் கேளுங்கள், 'முகம் உப்பிப் போச்சு' என்பார்கள். முகம் உப்புதல், அவ்வளவுதான். கொச்சை என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஸ்டீராய்டையே 'ஊக்கமருந்து' என்று எழுதுகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விளையாட்டு வீரர்கள் தசை வளர்க்கப் போட்டுக்கொண்டு மாட்டிக்கொள்ளும் வகை ஒன்று உண்டு, அதற்கு அந்தப் பெயர் போகட்டும். தோலுக்கும் ஆஸ்துமாவுக்கும் மூட்டுக்கும் தருவது சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் சுரப்பியின் புறணியில் ஊறும் சுரப்பின் சாயலில் செய்தது, அது ஊக்குவது எதையும் இல்லை, அழற்சியை அடக்குகிறது, நோயெதிர்ப்பை அடக்குகிறது, அளவு மிஞ்சினால் தசையைக் கரைக்கவே செய்யும். அடக்குகிற மருந்துக்கு ஊக்குகிற பெயர். அதைப் படிக்கிறவர் டானிக் என்று நினைத்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன? புறணிச் சுரப்பு மருந்து என்று வேண்டுமானால் பாடநூலில் எழுதிக்கொள்ளலாம் (புறணி என்றால் ஊர்வம்பு என்று சிரிக்கிறவர்கள் இருப்பார்கள், மரப்பட்டை என்பதும் அதற்குப் பொருள்தான்), மற்ற இடங்களில் ஸ்டீராய்டு என்றே இருக்கட்டும்.

ஆக, அந்தத் துண்டறிக்கையை என்னிடம் கொடுத்தால் இப்படித்தான் எழுதுவேன்: 'இந்தக் களிம்பை மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து கன்றிச் சிவக்கும், எரியும், உள்ளே இருக்கும் ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும், பருவும் பூனைமுடியும் வரும். முகத்தை வெளுக்க வைக்க இது மருந்து இல்லை. ஏற்கெனவே பல மாதம் பூசியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.' ரத்தக்குழாய் என்று எழுதிய இடத்தில் அச்சகத்தில் யாராவது நரம்பு என்று திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.