ஏ9 வீதியில் நள்ளிரவில் லொறி நின்றால்: புதிய சாரதிகளுக்கு கராஜில் இருந்து சில வார்த்தைகள்

புதிதாக லொறி ஓட வருகிற தம்பிமார் கராஜுக்கு வந்து, "அண்ணை, கொழும்புக்கு ஓடப் போறன், என்னென்ன சாமான் வாங்கி வைக்கவேணும்?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இதில எதை எதை நீயே மாத்துவாய்?" அதற்குப் பெரும்பாலும் சிரிப்புத்தான் பதில்.

சிலருடைய சீட்டுக்கு அடியில் பழைய ஸ்ராட்டர் மோட்டர் ஒன்று கிடக்கும். அதைக் கழற்ற ஸ்பனர் இருக்காது. இருந்தாலும் நடுவீதியில் லொறிக்கு அடியில் படுத்துக் கழற்றத் தெரியாது. இதற்கு வெறும் பெட்டியோடு போகிறவன் மேல், பாரமாவது குறையும். நான் சொல்கிற அளவுகோல் இதுதான்: அந்தச் சாமான் மலிவாக இருக்கவேண்டும், அது கெட்டால் லொறி நகரக்கூடாத நிலை வரவேண்டும், ரோச் வெளிச்சத்தில் நீயும் கிளீனரும் சேர்ந்து மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்துகிறதை மட்டும் வாங்கு.

யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வீதியால் வவுனியாவுக்குச் சுமார் 140 கிலோமீற்றர். பகலில் நின்றால் கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ யாராவது கைகொடுப்பார்கள். ஆனால் மரக்கறி லொறிக்கு ஏது பகல்? சுன்னாகத்திலோ மருதனார்மடத்திலோ ஏற்றிக்கொண்டு பின்னேரம் வெளிக்கிட்டால், விடியமுன் தம்புள்ளையிலோ பேலியகொடையிலோ இறக்கவேண்டும். புளியங்குளம், ஓமந்தைப் பக்கம் நள்ளிரவில் நின்றால் பெட்டிக்குள் இருப்பதுதான் கடை. சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிக்கு இறங்கி மன்னார் போகிற ஏ32 அதைவிட வெறிச்சோடிய பாதை. இதற்கு மேல், 2020 மார்ச்சில் இருந்து 2025 வரை வாகன இறக்குமதி பெரும்பாலும் நின்றிருந்ததால் இங்கே ஓடுகிற கன்ரர், எல்ஃப் போன்ற ஜப்பான் சிறு லொறிகள் வயதானவை. வயதான லொறி முதலில் கைவிடுவது ரப்பர் சாமான்களில்தான்.

ஆகவே பெல்ட்டில் தொடங்குவோம். பான்பெல்ட் அறுந்தால் எஞ்சின் சூடாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அடுத்த விஷயம். ஜப்பான் சிறு லொறிகள் பலவற்றில் பிரேக்கை இலேசாக்குகிற வக்குவத்தை (காற்றுறிஞ்சல்) கொடுக்கிற பம்ப், பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோவின் பின்பக்கத்தில்தான் பூட்டியிருக்கும். அந்தப் பெல்ட் போனால் சார்ஜும் போகும், பிரேக்கின் உதவியும் போகும். தாங்கியில் மிச்சமிருக்கிற வக்குவத்தில் ஓரிரு தடவை பிரேக் பிடிக்கும். அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும், இரண்டு காலால் ஏறி நின்றாலும் பாரத்தோடு போகிற லொறி இலேசில் நிற்காது. புதிய சாரதி என்ன செய்கிறான்? இரவில் டாஷ்போட்டில் பற்றரி லைட் சிவப்பாக எரிவதைப் பார்த்து, "பற்றரிதானே, விடியப் பார்ப்பம்" என்று தொடர்ந்து ஓடுகிறான். அந்தச் சிவப்பு லைட் எரிந்தால் உடனே ஓரங்கட்டு, கபினைத் தூக்கிப் பெல்ட்டைப் பார்.

பெல்ட் வாங்கும்போது "கன்ரர் பெல்ட் ஒன்று தாங்கோ" என்று கேட்காதே. எஞ்சினுக்கு எஞ்சின் அளவு மாறும். பழைய பெல்ட்டின் முதுகில் இருக்கிற இலக்கத்தைப் பார்த்து வாங்கு. இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. பெல்ட் வெடிக்கும்வரை காத்திராமல் புதிதைப் பூட்டிவிட்டு, கழற்றிய நல்ல பெல்ட்டைப் பெட்டியில் வை. ஏற்கனவே அந்த எஞ்சினில் ஓடிய பெல்ட் என்பதால் அளவு பற்றிய சந்தேகமே இல்லை. இரட்டைப் பெல்ட் ஓடுகிற எஞ்சினில் ஒன்று அறுந்தாலும் இரண்டையும் மாற்றவேண்டும். டைனமோவைத் தளர்த்தி இறுக்க ஜப்பான் லொறிக்குப் பெரும்பாலும் 12, 14, 17 ஸ்பனர் போதும். இந்திய ராட்டா லொறி என்றால் 13, 17, 19. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் ஒருக்கா கழற்றிப் பூட்டிப் பார். பெருவிரலால் அழுத்தும்போது சுமார் 10 மில்லிமீற்றர் தாழ்ந்தால் இறுக்கம் சரி.

ரேடியேற்றரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், அவற்றுக்கு நாலைந்து கிளிப், 10 லீற்றர் தண்ணீர்க் கான். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல் மேல் இருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ, அதேதான் ரேடியேற்றர் குழாய்க்குள்ளும் படிந்து அடைக்கும். அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாம், லொறி நிற்பதைவிட அது மேல். திரும்பி வந்ததும் அதை வடித்துவிட்டு கூலன்ற் ஊற்று. சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறக்காதே என்று எத்தனை பேருக்குச் சொன்னாலும் ஆண்டுக்கு யாராவது ஒருவர் கையைச் சுட்டுக்கொண்டு வருகிறார்.

டீசல் பில்ரர் ஒன்று கட்டாயம். டீசல் தாங்கி வற்றும்வரை ஓடினால் அடிமண்டி எல்லாம் பில்ரருக்குள் வரும், குழாயில் காற்றும் ஏறும். பழைய எஞ்சினில் பில்ரருக்கு மேலுள்ள கைப்பம்பை அடித்து, காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று சுத்தமான டீசல் வரும்வரை விட்டால் சரி. கொமன்றெயில் என்கிற புதிய வகை எஞ்சினில், டீசலை உள்ளே பீச்சுகிற இன்ஜெக்டருக்குப் போகிற குழாய்களில் மட்டும் கைவைக்காதே. அதற்குள் இருக்கிற அழுத்தம் தோலைக் கிழித்து டீசலை உள்ளே ஏற்றிவிடும்.

சில்லு மாற்றுவது எல்லோருக்கும் தெரிந்த வேலை என்று நினைப்பு. ஆனால் கராஜுக்கு வருகிற முறிந்த ஸ்ரட்டுகள் (சில்லு நட்டு ஏறுகிற மரைத்தண்டுகள்) வேறு கதை சொல்கின்றன. ஜப்பான் லொறி பலவற்றில் இடப்பக்கச் சில்லுகளின் நட்டு எதிர்மரை. வழமைக்கு மாறாக, வலப்பக்கம் சுற்றினால்தான் கழரும். ஸ்ரட்டின் நுனியில் L என்று அடித்திருக்கும், கறளுக்குள் அது தெரியாது. தெரியாதவன் நட்டு இறுகிவிட்டது என்று நினைத்து, ஸ்பனரில் பைப்பை மாட்டி, கிளீனரையும் மேலே ஏற்றி மிதிப்பான். முறியாமல் என்ன செய்யும்? பின்பக்க இரட்டை ரயரில் வெளி நட்டைக் கழற்றினால் வெளிச்சில்லு மட்டும்தான் வரும். உள்சில்லைப் பிடித்திருப்பது சதுரத் தலையுள்ள உள்நட்டு. உன் வீல் ஸ்பனரில் இரண்டுக்கும் வாய் இருக்கிறதா என்று இன்றைக்கே பார். சில்லு மாற்றினால் 50 கிலோமீற்றர் ஓடியபின் நிறுத்தி மறுபடி இறுக்கு.

ஜக்குக்குக் கீழே வைக்க ஓர் அடி அகலத் தடித்த பலகை ஒன்று. மாரியில் வன்னி வீதியோர மண்ணில் பாரத்தோடு ஜக்கை வைத்தால் லொறி உயராது, ஜக்தான் மண்ணுக்குள் இறங்கும். சில்லுக்கு முட்டுக்கொடுக்கக் கட்டைகளும் நீயே கொண்டு போ. வழியில் கல்லைப் பொறுக்கி முட்டுக்கொடுத்துவிட்டு அதை நடுவீதியில் அப்படியே விட்டுப் போகிறவர்கள் மேல் எனக்கு வருகிற கோபத்தை இங்கே எழுத முடியாது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் அந்தக் கல்லில்தான் விழுகிறான்.

பல்ப் வாங்குமுன் உன் லொறி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று தெரிந்துகொள். டிமோ பட்டா என்கிற குட்டி லொறி 12. கன்ரர், எல்ஃப் பெரும்பாலும் 24, இரண்டு பற்றரி தொடுத்திருக்கும். 24 வோல்ட் லொறியில் 12 வோல்ட் பல்பைப் போட்டால் போட்ட கையோடு போய்விடும். ஹெட்லைட் பல்ப், பிரேக் பல்ப், சிக்னல் பல்ப் இரண்டிரண்டு போதும். பியூஸ் நிறத்துக்கு நிறம் அளவு வேறு: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 அம்பியர். எரிந்த பியூசுக்குப் பதிலாகக் கம்பியையோ சிகரட் தாளையோ சுற்றாதே, அடுத்தது வயரிங் எரியும். வன்னியில் மாடுகள் இரவில் தார் வீதியில் படுத்திருக்கும், சில இடங்களில் யானையும் ஏறும். ஒற்றை ஹெட்லைட்டோடு ஓடுகிற துணிச்சல் அங்கே வேண்டாம்.

பிரேக் தைலம் சிறிய போத்தல், சீல் உடைக்காதது. உடைத்த போத்தல் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துவிடும். அது இல்லையென்று எஞ்சின் ஒயிலை ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிப் பெருக்கும், முழுவதையும் மாற்றவேண்டி வரும். குருநகர், மயிலிட்டிப் பக்கம் மீன் ஏற்றுகிறவர்கள் இன்னும் கவனம். ஐஸ் உருகி வடிகிற உப்புத் தண்ணீர் பிரேக் குழாயையும் சில்லு ஸ்ரட்டையும் கறளாக்கிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவு.

மற்றவை சட்டென்று: எஞ்சின் ஒயில் 2 லீற்றர், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் ரேப், கொஞ்சம் வயர், பிளையர், ஸ்குறூ டிரைவர், கையுறை, ரோச் இரண்டு, வெளிச்சம் தெறிக்கிற எச்சரிக்கை முக்கோணம், தீயணைப்புக் குப்பி, முதலுதவிப் பெட்டி, குடிதண்ணீர். ஒக்ரோபரில் இருந்து ஜனவரிவரை உபரியாக ஒரு படங்கும் கயிறும். நனைந்த வெங்காயத்துக்குத் தம்புள்ளையில் யாரும் விலை சொல்லமாட்டார்கள்.

காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ், தகுதிச் சான்றிதழ் எல்லாம் ஒரே பொலித்தீன் உறைக்குள். 1990 அம்புலன்சுக்கு, இலவசம். 119 பொலிசுக்கு. இந்த இரண்டோடு முதலாளியின் நம்பர், கராஜ் நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அதே உறைக்குள் போடு, போனில் சார்ஜ் இறங்கினால் வேறொருவருடைய போனிலாவது அடிக்கலாம். என்னை இரவில் எடுப்பதென்றால், "ஏதோ சத்தம் வருது அண்ணை" என்று சொல்லாமல் டாஷ்போட்டையும் பழுதான இடத்தையும் படம் பிடித்து முதலில் அனுப்பு. பாதி வேலை அதிலேயே முடியும்.