செண்டுமல்லி சாமந்தி அல்ல

போன வாரம் பட்டர்வொர்த்தில் ஒரு விதைக் கடையில் பொட்டலம் ஒன்றைப் புரட்டினேன். படத்தில் கொழுகொழுவென்று ஆரஞ்சு நிறச் செண்டுமல்லி. கீழே தமிழில், 'சாமந்தி: இதழ்களைத் தேநீரில் போடலாம்.' ஆங்கிலத்தில் மேரிகோல்டு என்றிருப்பதைத் தமிழில் சாமந்தி ஆக்கிவிடும் இந்தத் தவற்றை எத்தனை முறை பார்த்துவிட்டேன்!

சாமந்தி வேறு பூ. வடமொழியில் சேவந்தி, சேமந்தி. நம் வாயில் செவ்வந்தி, சாமந்தி. சிவந்த அந்தி என்று பிரித்துப் பொருள் சொல்வோரும் உண்டு, போகட்டும். மலாயில் கெக்வா. கோப்பிக் கடையில் ஐஸ் போட்டுக் குடிக்கிறோமே, அந்தப் பூத் தேநீர் சாமந்தியில் போட்டது.

செண்டுமல்லி மெக்சிகோக்காரி. கொலம்பஸ் அமெரிக்கா போன பிறகே நம் பக்கம் வந்தாள். பந்துபோல் திரண்டிருப்பதால் செண்டு. மல்லி எப்படி ஒட்டிக்கொண்டதோ! மணத்தில் மல்லிகைக்கும் இதற்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் பினாங்கு லிட்டில் இந்தியா பூக்கடையில் செண்டுமல்லி மாலை கேட்டால் கை தப்பாமல் இதைத்தான் எடுத்துத் தருவார்கள்.

'துலுக்கச் சாமந்தி என்று பழைய பெயர் இருக்கிறதே?' என்பார்கள். சரி, இருக்கிறது. அந்தப் பெயர் வைத்தவர், இது வெளியிலிருந்து வந்தது, நம் சாமந்தி அல்ல என்று காட்ட முன்னால் ஓர் அடைமொழி போட்டார். மொழிபெயர்ப்பாளர்களோ அடைமொழியைக் கழற்றி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டார்கள்.

இதில் மூன்றாவது பூ ஒன்றும் மாட்டிக்கொண்டது. மேரிகோல்டு என்பது முதலில் காலெண்டுலா என்ற ஐரோப்பியப் பூவின் பெயர். ஐரோப்பியர் சூப்பிலும் களிம்பிலும் போட்டது அதை. மெக்சிகோப் பூ பிற்பாடு அந்தப் பெயரில் குடியேறியது. ஆக, காலெண்டுலாவின் சமையல் குறிப்பும் தமிழில் சாமந்தியாகிவிடுகிறது. என் அண்ணி அப்படி ஒன்றைப் படித்துவிட்டு, பூசைக்கு வாங்கி மீந்த மாலையைப் பிய்த்துக் கொதிக்க வைத்தார். மருந்தடித்த மாலைப் பூ! நல்லவேளை, நாற்றம் தாங்காமல் அவரே கொட்டிவிட்டார்.

செண்டுமல்லி இதழையும் தின்னலாம்தான். வீட்டில் மருந்தடிக்காமல் வளர்த்ததாக இருக்கவேண்டும், இதழின் அடியில் வெள்ளையாக இருக்கும் கசப்பைக் கிள்ளிவிடவேண்டும். கோழித் தீவனத்தில் சேர்த்தால் மஞ்சள் கரு நிறமேறும். கத்தரி, தக்காளி வேரைத் துளைக்கும் நூற்புழுவை அடக்குவதும் இதன் வேர்தான். 'பாத்தி ஓரம் சாமந்தி நடுங்கள்' என்று எழுதினால் கெக்வாவை நட்டுவிட்டு அதையா எதிர்பார்ப்பது?

இலையைக் கசக்கிப் பாருங்கள். மூக்கைத் துளைத்தால், இலை இறகுபோல் பிரிந்திருந்தால், செண்டுமல்லி. காலெண்டுலாவுக்கு நம்மிடம் பெயர் இல்லையா, காலெண்டுலா என்றே எழுதுங்கள்.