கதவுக்குக் கால் கிடையாது

வீடு கட்டும்போது நிலை வைக்கிற அன்றைக்கு நல்ல நேரம் பார்ப்போம். மஞ்சள், குங்குமம், மாவிலை, ஆசாரிக்கு வேட்டி துண்டு என்று அது ஒரு சின்ன விசேஷமாகவே நடக்கும். கதவு மாட்டுகிற அன்றைக்கு இவ்வளவு கிடையாது. இயற்பியல்படி பார்த்தாலும் மரியாதை சரியான இடத்துக்குத்தான் போகிறது. நிலை இல்லாவிட்டால் கதவுக்குத் தானாக நிற்கத் தெரியாது. இது எனக்கு முழுசாகப் புரிந்தது கதவு விற்கிற ஒரு கடையில்.

பாளையங்கோட்டைப் பக்கம் உள்ள கடை அது. பத்துப் பன்னிரண்டு கதவுகளைச் சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். எங்களுக்குப் பிடித்தது பின்னால் ஐந்தாவதாக இருந்தது. "அண்ணாச்சி, அந்த அஞ்சாவதா நிக்குல்லா, அதக் கொஞ்சம் காட்டுங்க" என்றோம். இரண்டு பையன்கள் முன்னால் இருந்த நான்கையும் நெஞ்சில் தாங்கிக்கொள்ள, மூன்றாவது ஆள் ஐந்தாவதை உருவினார். உருவும்போது பக்கத்துக் கதவின் அடி டைல்ஸில் சர்ரென்று வழுக்கியது. நல்லவேளை, யார் காலிலும் விழவில்லை. தேக்குக் கதவின் ஒரு முனை மட்டும் சிதைந்தது. அண்ணாச்சி முகம் வாடிப்போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டேன்.

கதவின் உயரம் 7 அடி, அகலம் 3 அடி, தடிமன் 35 மில்லிமீட்டர், எடை 35 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பொருளுக்கும் அதன் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். அதுதான் ஈர்ப்பு மையம். அந்தப் புள்ளியிலிருந்து நேர் கீழே கோடு போட்டால், அது பொருளின் அடிப்பாகத்துக்குள் விழும்வரை பொருள் நிற்கும். வெளியே போனால் கவிழும். குத்துவிளக்குக்கு அடி அகலமாக இருப்பது இதற்காகத்தான். கதவின் அடியோ வெறும் 35 மில்லிமீட்டர். அது சுமார் 1 டிகிரி சாய்ந்தாலே கோடு வெளியே போய்விடும். இன்னும் எளிதாகச் சொன்னால், கதவின் தலை அதன் தடிமன் அளவுக்கு நகர்ந்தால் போதும், கதவு விழுந்துவிடும். இரண்டு விரல் அகலம், அவ்வளவுதான்.

அதனால்தான் சுவரில் சாய்க்கிறார்கள். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கதவை 5 டிகிரி சாய்த்தால் அதன் அடி சுவரிலிருந்து ஏழு அங்குலம் தள்ளி இருக்கும். சுவரை ஒன்றரைக் கிலோ விசையில் தள்ளும். 15 டிகிரி சாய்த்தால் அடி இருபது அங்குலத்துக்கு மேல் தள்ளிப் போகும், விசையும் கிட்டத்தட்ட ஐந்து கிலோ ஆகிவிடும். மேலே சுவரைத் தள்ளுகிற அதே அளவுக்குக் கீழே அடி முன்னால் வழுக்கப் பார்க்கும். அதைத் தடுப்பது உராய்வு மட்டுமே. மரத்தூள் படிந்த வழவழப்பான டைல்ஸில் அந்த உராய்வை நம்பக் கூடாது. சரி, அதிகம் சாய்க்காமல் நேராக வைப்போம் என்றால், யாராவது தோளில் இடித்தாலே முன்பக்கம் கவிழ்ந்துவிடும். சாய்த்தால் வழுக்கும், நிமிர்த்தினால் கவிழும். பத்துக் கதவு சாய்ந்திருந்தால் எல்லாவற்றின் தள்ளுதலும் சேர்ந்து சுவரை ஒட்டிய கடைசிக் கதவின் முதுகில் விழுகிறது. மாதக்கணக்கில் இப்படிச் சுமந்தால் மரம் மெல்ல வளையும். வளைந்தால் வளைந்ததுதான், பழையபடி நிமிராது.

இதற்கு மாற்று மிக எளிய ஒரு ஸ்டாண்ட். இரும்பு ஆங்கிளும் சதுரக் குழாயும் இருந்தால் ஊரில் எந்த வெல்டிங் பட்டறையிலும் அடித்துக் கொடுப்பார்கள். கீழே ஒரு சட்டம், மேலே சீப்புப் பல் மாதிரி கம்பிகள் வைத்த இன்னொரு சட்டம். ஒவ்வொரு கதவும் இரண்டு பல்லுக்கு நடுவே தட்டு ஸ்டாண்டில் தட்டு நிற்பது போல நிமிர்ந்து நிற்கும்.

அந்தப் பல் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கும் இதுதான். 35 மில்லிமீட்டர் கதவுக்கு 45 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், அது ஆட மீதி இருப்பது 10 மில்லிமீட்டர். பல் 2 அடி உயரத்தில் இருந்தால், அங்கே 10 மில்லிமீட்டர் நகர்கிற கதவு 7 அடி உயரத்தில் இருக்கும் தலையில் 35 மில்லிமீட்டர் நகரும். மேலே சொன்ன ஆபத்தான அளவு சரியாக அதேதான். அதற்கு மேல் கதவின் பாரம் பல்லின் மேல் ஏறத் தொடங்கும். அதே பல்லை 6 அடி உயரத்துக்கு ஏற்றிவிட்டால் தலை 12 மில்லிமீட்டர்கூட நகராது. ஈர்ப்பு மையம் அடியை விட்டு வெளியே போகவே முடியாது. பல் கதவைச் சுமக்கவில்லை, கதவு தன் அடியிலேயே நிற்கிறது. வீட்டில் நிலை செய்கிற வேலையை இங்கே ஒரு கம்பி இரவலாகச் செய்கிறது.

கீழ்ச் சட்டத்தைத் தரையிலிருந்து நான்கு அங்குலமாவது தூக்கி வைக்க வேண்டும். மரத்தின் நீர்க்குழாய்கள் தண்டின் நீளத்திலேயே ஓடுவதால், அறுபட்ட முனை பக்கவாட்டைவிட மிக வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். கதவின் கீழ்முனை அப்படிப்பட்ட இடம். கடையைக் கழுவிவிடும் ஈரமே அதற்குப் போதும். ஸ்டாண்டில் இன்னொரு நன்மை, கதவின் இரண்டு முகத்திலும் ஒரே காற்று படுகிறது. சுவரோடு ஒட்டிய முகம் ஈரமாகவும் வெளிமுகம் காய்ந்தும் இருந்தால் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் சுருங்காமல் கதவு வில்லாகும். செங்கோட்டைச் சாரலில் கிடந்த மரம் ஐம்பது அறுபது கிலோமீட்டர் கிழக்கே திருநெல்வேலி வெயிலுக்கு வருகிற ஊர் இது. இங்கே இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

கதவை உருவிக் காட்டும்போது ஒரு எல்லை உண்டு. ஒன்றரை அடிக்கு மேல் வெளியே வந்தால் பாதி எடை சட்டத்தைத் தாண்டிவிடும், முன்முனை தொபுக்கென்று தரையில் இறங்கும். ஒரு அடி தூரத்தில் பெயின்ட்டால் கோடு போட்டுவிட்டால் பையன்களுக்குக் குழப்பம் இருக்காது. சட்டத்தில் மெழுகு தேய்த்தால் உருவுவதும் லேசாகும்.

புத்தகப் பக்கம் மாதிரி புரட்டிப் பார்க்கும் ஸ்டாண்டும் உண்டு. நடுக் கம்பத்தில் கீல் வைத்து ஆறு கதவைத் தொங்கவிடுவார்கள். வாடிக்கையாளருக்கு இது ரொம்ப வசதி. ஆனால் அந்த 35 கிலோ கம்பத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளித் தொங்குகிறது. கீல்கள் 5 அடி இடைவெளியில் இருந்தால் மேல்கீலின் திருகைச் சுமார் பத்தரைக் கிலோ வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். வீட்டுக் கதவு நாளடைவில் தரையில் உரசுவதும் பெரும்பாலும் மேல்கீல் தளர்வதால்தான். ஆறு கதவையும் ஒரே பக்கம் புரட்டிவிட்டால், 63 கிலோ ஆள் கம்பத்திலிருந்து 5 அடி தள்ளித் தொங்குவதற்குச் சமம். ஆங்கர் போல்ட் போட்டுச் சுவரோடு இறுக்காமல் இதை வைக்கவே கூடாது என்பது என் கருத்து.

அப்புறம் காற்று. ஆனி ஆடியில் மலைக் கணவாய்கள் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்றை நம்பித்தான் கயத்தாறிலும் பணகுடியிலும் காற்றாலைகள் நிற்கின்றன. கதவுக் கடைகளோ பெரும்பாலும் முன்பக்கம் திறந்த ஷெட். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு கதவின் முழு முகத்தில் அடித்தால் சுமார் 14 கிலோ விசை. 5 டிகிரி சாய்ந்திருக்கும் கதவைப் பின்னாலிருந்து கிளப்ப, நடு உயரத்தில் 3 கிலோ போதும். ஆனால் காற்று கதவின் ஓரத்தில் பட்டால் படும் பரப்பு இருபத்தைந்தில் ஒரு பங்குதான்.

போன ஆடியில் அதே கடைக்குத் திரும்பப் போனேன். ஸ்டாண்ட் வந்திருந்தது. கடை தெற்குப் பார்த்த கடை என்றாலும் கதவுகளின் ஓரம் மேற்கைப் பார்க்கும்படி அதை வைத்திருந்தார்கள். கடை முன்னால் தொங்கிய சாக்கு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, கதவுகள் அசையவில்லை. ஐந்தாவது கதவை ஒரே பையன், ஒரு கையால், சிவப்புக் கோடு வரைக்கும் இழுத்துக் காட்டினான்.