பிங்: குரல் கொடுத்துப் பார்த்தல்

லினக்ஸ் முனையத்தில் வலையமைப்பைச் சோதிக்க உட்காருபவர் பெரும்பாலும் முதலில் தட்டச்சு செய்வது ‘பிங்’ என்ற கட்டளையைத்தான். ஒரு கணினி வலையமைப்பின் வழியே எட்டும் நிலையில் இருக்கிறதா, அங்கிருந்து மறுமொழி வர எவ்வளவு நேரமாகிறது என்பவற்றை அறிய ஒரு சிறு பொதியை, அதாவது தரவுத் துண்டை, அனுப்பிப் பார்ப்பதே அதன் வேலை.

ஆங்கிலத்தில் இது ஓர் ஒலிக்குறிப்புச் சொல்; உலோகத்தைத் தட்டும்போது எழும் கூரிய ஓசையைக் குறித்தது. பின்னர், எதிரொலியைக் கொண்டு நீருக்கடியில் உள்ளவற்றைக் கண்டறியும் சோனார் கருவி அனுப்பும் ஒலித்துடிப்புக்கும் பெயராயிற்று. 1983 டிசம்பரில், அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரிந்த மைக் மூஸ், வலையமைப்பில் கண்ட கோளாறு ஒன்றைத் துருவுவதற்காக எழுதிய சிறு நிரலுக்கு, சோனாரை மனத்தில் வைத்தே இப்பெயரைச் சூட்டினார். ‘பாக்கெட் இன்டர்நெட் குரோப்பர்’ என்பதன் சுருக்கமே இது என்று பலரும் எழுதுகிறார்கள். அவ்விரிவு இணைய முன்னோடி டேவிட் மில்ஸ் சொன்னதாகக் கேள்விப்பட்டதாகவும், தம்மளவில் இது சோனார் உவமையே என்றும் மூஸ் பதிவு செய்திருக்கிறார்.

முனையத்தில் பிங் என்று எழுதி 127.0.0.1 என்ற முகவரியைக் கொடுத்தால், கணினி தனக்குத்தானே பொதி அனுப்பிக்கொள்ளும். முதல் வரியில் 56(84) என்று காண்பது பலரையும் குழப்பும்: உள்ளடக்கம் 56 பைட், அதனுடன் 8 பைட் ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் சோதனைச் செய்திகளுக்கான நெறிமுறை) தலைப்பும் 20 பைட் ஐபி (இணைய நெறிமுறை) தலைப்பும் சேர 84. தலைப்பு என்பது பொதியின் முன்னே சேரும் விவரப் பகுதி. அடுத்து வரும் ஒவ்வொரு வரியிலும் ஒரு வரிசை எண்ணும், போய்த் திரும்ப ஆன நேரம் மில்லிநொடியிலும் இருக்கும். தொலைவிலுள்ள கணினியைச் சோதிக்கையில் வரிசை எண் 6-க்குப் பின் 9 வந்தால், 7, 8 ஆகிய இரண்டும் வழியில் தொலைந்தன என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? 1981-இல் வெளியான ஐசிஎம்பி நெறிமுறை ஆவணம் இப்பொதிகளை எதிரொலி வேண்டுகை, எதிரொலி மறுமொழி என்ற பொருளிலேயே பெயரிட்டிருப்பதால், ‘எதிரொலிச் சோதனை’ என்பது நேரான பெயர்ப்பு. ஆயினும் எனக்கு அதில் நிறைவில்லை. மலை எதிரொலிக்காமல் இருக்க முடியாது. கணினியோ மறுமொழி தர மறுக்கலாம். தீச்சுவர் (வந்துபோகும் பொதிகளை வடிகட்டும் பாதுகாப்பு அமைப்பு) தடுத்திருந்தால், பிற சேவைகளை ஒழுங்காக வழங்கிக்கொண்டிருக்கும் கணினியும் பிங்குக்கு வாய் திறக்காது. வாசலில் நின்று ‘ஒரு குரல் கொடுத்துப் பார்’ என்கிறோமே, அந்த வழக்கு இந்நிலையை அப்படியே பிடிக்கிறது: பதில் வந்தால் உள்ளே ஆள் உண்டு, வராவிட்டால் ஆளில்லை என்று முடிவு கட்ட இயலாது. ஆகவே வினைக்குக் ‘குரல் கொடுத்தல்’ என்பதையும், பெயருக்கு ‘மறுமொழிச் சோதனை’ என்பதையும் பரிந்துரைக்கிறேன். கட்டளையின் பெயர் மட்டும் பிங் என்றே நிற்கட்டும். தட்டச்சு செய்ய வேண்டிய சொல்லை மாற்றினால் கற்பவர்தாம் தடுமாறுவர்.

பணிக்குறிப்புகளில் ‘பிங் போகவில்லை, சேவையகம் செயலிழந்தது’ என்று எழுதுவதைக் காண்கிறோம். ‘சேவையகத்துக்குக் குரல் கொடுத்தோம், மறுமொழி வரவில்லை’ என்று எழுதினால், சோதனையில் தெரிந்தது மட்டுமே அதில் இருக்கும்.