கட்டிக்குள் குடியிருக்கும் பாக்டீரியா

கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்குப் புற்றுநோய் சிகிச்சைக்காகப் போகிறவர்கள் சிலரின் பையில், ஸ்கேன் ரிப்போர்ட்டுகளோடு சின்னதாக ஒரு மெழுகுத் துண்டும் இருக்கும். 'பிளாக்' என்பார்கள். பயாப்சிக்கு எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்தது அது. வெளியே டெஸ்ட் எடுத்திருந்தால் பிளாக்கையும் ஸ்லைடையும் கையோடு வாங்கி வரச் சொல்வது வழக்கம். அந்தத் துளி சதைக்குள் புற்றுசெல்களோடு பாக்டீரியாவும் இருக்கலாம்.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2020இல் மார்பகம், நுரையீரல், கணையம், மூளை உள்ளிட்ட ஏழு வகைப் புற்றுகளிலிருந்து 1,526 மாதிரிகளைச் சோதித்தார்கள். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி பாக்டீரியாக் கூட்டம் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை புற்றுசெல்லுக்குள்ளும் நோயை எதிர்த்துப் போராடும் எதிர்ப்பு செல்லுக்குள்ளுமே குடியிருந்தன. மெழுகிலேயே பாக்டீரியா ஒட்டியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அதற்காகச் சதையே இல்லாத வெறும் மெழுகையும் சேர்த்தே சோதித்திருந்தார்கள்.

சரி, உள்ளே உட்கார்ந்து என்ன செய்கின்றன? எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான விடை கணையப் புற்றில் கிடைத்தது. அதற்குத் தரும் முக்கிய மருந்துகளில் ஒன்று ஜெம்சிடபின். டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றைப் போலவே அதற்கு உருவம். இரண்டாகப் பிரியத் தயாராகும் செல் ஏமாந்து அதை எடுத்துக்கோர்க்கும், அதற்குமேல் டி.என்.ஏ.வை நீட்ட முடியாமல் சாகும். ஆனால் காமாபுரோட்டியோபாக்டீரியா என்ற பிரிவைச் சேர்ந்த பலவற்றிடம் சைட்டிடின் டீஅமினேஸ் என்ற நொதியின் நீளமான வடிவம் ஒன்று உண்டு. அது ஜெம்சிடபினிலிருந்து அமினோ பகுதியைக் கழற்றிவிடும். அவ்வளவுதான், மருந்து உதவாத பொருளாகிவிடும். 2017இல் வெளியான ஆய்வில் 113 கணையப் புற்றுக் கட்டிகளைப் பார்த்தபோது 86இல் பாக்டீரியா இருந்தது. எலிகளுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்ததும் ஜெம்சிடபின் மறுபடி வேலை செய்தது.

அப்படியானால் பாக்டீரியாவை ஒழித்தால் போதுமா? இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வு வேறு கதை சொன்னது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பல ஆண்டுகள் உயிர்வாழ்ந்த கணையப் புற்று நோயாளிகளின் கட்டிகளில்தான் பாக்டீரியா வகைகள் அதிகம். அவர்களின் மலத்திலிருந்த கிருமிகளை எலிகளின் குடலில் குடியேற்றினால் கட்டி மெதுவாகவே வளர்ந்தது, எதிர்ப்பு செல்கள் உள்ளே அதிகம் புகுந்தன.

இதைவிடக் குழப்பமான ஆள் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம். பல்லில் படியும் அழுக்கில் வாழும் சாதாரண கிருமி. பெருங்குடல் புற்றுசெல்லின் மேல் அதிகமாக இருக்கும் ஒரு சர்க்கரையை, ஃபேப்2 என்ற புரதத்தால் பற்றிக்கொள்ளும். அதே புரதம் எதிர்ப்பு செல்களில் இருக்கும் டிஜிட் என்ற பிரேக்கையும் அழுத்துகிறது. கொல்ல வந்த செல் சும்மா நின்றுவிடும். இந்தக் கிருமியின் டி.என்.ஏ. கட்டியில் அதிகமிருந்த பெருங்குடல் புற்று நோயாளிகளிடையே இறப்பும் அதிகம் என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஆனால் 2024இல் லண்டன் ஆய்வாளர்கள் தலை, கழுத்துப் புற்றுகளைப் பார்த்தபோது, ஃபியூசோபாக்டீரியம் இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள். ஆய்வகத் தட்டில் அது புற்றுசெல்களைக் கொல்லவும் செய்தது. புகையிலை போடும் பழக்கமுள்ள நம் ஊர்ப்பக்கத்தில் வாய்ப்புற்று சகஜம் என்பதால் இந்த முடிவு கண்ணில் படுகிறது. இருந்தாலும் நோயாளிகளிடம் பார்த்தது வெறும் தொடர்புதான். கிருமியால் ஆயுள் கூடியதா, அது பிழைத்திருக்கத் தோதான கட்டியே சாதுவானதா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

இந்தத் துறையில் அவசரப்பட்டவர்கள் சூடுபட்டும் இருக்கிறார்கள். ரத்தத்திலும் கட்டியிலும் உள்ள கிருமிகளின் டி.என்.ஏ.வை வைத்தே புற்றின் வகையைச் சொல்லலாம் என்று 2020இல் நேச்சர் இதழில் வந்த பிரபலமான கட்டுரை 2024இல் திரும்பப் பெறப்பட்டது. மனித டி.என்.ஏ. துண்டுகளையே கணினி பாக்டீரியா என்று எண்ணியிருந்தது அதில் வெளிப்பட்ட கோளாறுகளில் ஒன்று.

இன்றைக்கு வழக்கமான பயாப்சி ரிப்போர்ட்டில் இந்தக் கிருமிகளுக்கென்று ஒரு வரி கிடையாது. இதைப் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி எடுத்தவர்களில், அந்தச் சமயத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தவர்களின் ஆயுள் குறைவாக இருந்ததை 2018இல் ஒரு பிரெஞ்சுக் குழு பதிவு செய்திருக்கிறது.