நொவெம்: மங்களூர்க் கத்தோலிக்கரின் புதிர்

செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். மங்களூர், உடுப்பி பக்கத்துக் கொங்கணிக் கத்தோலிக்கர் அதை 'மொந்தி ஃபெஸ்ட்' என்பார்கள். அன்று மதியம் குடும்பத்தோடு உட்கார்ந்து உண்ணும் சாப்பாடு 'நொவெம் ஜெவாண்'.

ஜெவாண் என்றால் சாப்பாடு. நொவெம் என்றால் புதியது. 'நவ' என்ற வடசொல்லின் வழி வந்தது. லத்தீனில் ஒன்பதும் 'நொவெம்'தான். பண்டிகைக்கு முன்பு ஒன்பது நாள் நொவேனா என்ற நவநாள் செபம் வேறு நடப்பதால் இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றும். நொவேனா பிறந்தது அந்த ஒன்பதிலிருந்து. சாப்பாட்டு நொவெமுக்கு அதனோடு சம்பந்தமில்லை.

பேச்சில் நொவெம் என்றால் கோயிலில் மந்திரித்த புதுநெல்தான். நொவேனா நாட்களில் பிள்ளைகள் பூ கொண்டுபோய்க் குழந்தை மரியாளின் சுரூபத்துக்குத் தூவுவார்கள். பண்டிகையன்று பூசையில் புதுக்கதிர்களை மந்திரித்து வீட்டுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள், பிள்ளைகளுக்குக் கரும்பு. வீட்டில் அந்த நெல்லை உமி நீக்கிப் பொடித்து, தேங்காய்ப்பாலிலோ பாயசத்திலோ கலந்து, செபம் சொல்லி ஆளுக்கு ஒரு வாய். அப்புறம்தான் இலையில் சோறு. பன்றிக்கறி இல்லாத விருந்தை விருந்தாகவே மதிக்காதவர்கள், அன்றைக்குச் சுத்த சைவம்! காய்கறி வகைகள் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் வரவேண்டும். சேம்புத்தண்டுக் குழம்பும் இருக்கும்.

கோவாவில் இதற்கு இணையானது 'கொண்சாச்செம் ஃபெஸ்த்', அதாவது கதிர்ப் பண்டிகை. ராயா ஊரில் ஆகஸ்ட் 5 அன்றே அது வந்துவிடும்.

நொவெமைத் தமிழில் என்ன சொல்லலாம்? 'அறுவடைத் திருவிழா' என்று எழுதிவிடுகிறோம், அது பொருந்தாது. செப்டம்பர் தொடக்கத்தில் வயலில் பெரும்பாலும் பச்சைதான், முதல் கதிர்கள்தான் முற்றியிருக்கும். களம் நிறைந்தபின் சொல்லும் நன்றி அல்ல இது. முதல் கதிரைக் கடவுளுக்குக் காட்டாமல் வாயில் வைக்கக் கூடாது என்கிற முறை. அதற்குச் சரியான சொல் 'புதிர்'. விடுகதை என்ற பொருள் மட்டும் நமக்கு நினைவிருக்கிறது. புதிதாக விளைந்த நெல்லுக்கும் அதே பெயர்தான். யாழ்ப்பாணத்தில் தைப்பூசத்தை ஒட்டி இன்றும் 'புதிர் எடுக்கிறார்கள்'. நாஞ்சில் நாட்டுக் கோயில்களில் ஆடியில் 'நிறைபுத்தரிசி', குடகில் 'புத்தரி'. ஆக, நொவெமைப் புதிர் என்றும், நொவெம் ஜெவாணைப் புத்தரிசி விருந்து என்றும் எழுதலாம்.